தோப்புக்குள் ஓடுவதற்கு முன்

ஆளைக் காணோம் என்றதும் ஊரே முந்திரித் தோப்புக்குள் ஓடுகிறதே, அந்த ஓட்டத்தைக் கொஞ்சம் நிறுத்தத்தான் இதை எழுதுகிறேன். ஜெயங்கொண்டத்திலிருந்து ஆண்டிமடம் போகும் வழியெல்லாம் முந்திரி. கிளைகள் தரையைத் தொட்டுப் படர்ந்திருக்கும். பத்தடி தள்ளி ஒருவர் படுத்திருந்தாலும் தெரியாது. மறதி நோய் வந்த பெரியவர்களும் சின்னப் பிள்ளைகளும் இதற்குள் போய்விட்டால், அவர்கள் போன திசையைச் சொல்ல செம்மண் மட்டும்தான் இருக்கிறது. ஐம்பது பேர் நுழைந்தால் அதுவும் மிதிபட்டுப் போகும்.

என் அப்பா ஆடு மேய்த்தவர். ஆடு தவறினால் உடனே தோப்புக்குள் நுழையமாட்டார். சுற்றியுள்ள வண்டிப்பாதையையும் ஓடைக்கரையையும் முதலில் ஒரு சுற்று நடந்து வருவார். பாதையைத் தாண்டிய தடம் இல்லையென்றால் ஆடு உள்ளேதான். வெளிநாட்டுத் தேடுதல் குழுக்கள் இதே முறையைப் பாடமாக நடத்துகின்றன என்று பின்னாளில் படித்தபோது அவரை நினைத்துப் பெருமைப்பட்டேன். உச்சிவெயிலில் தடம் தட்டையாகத் தெரியும். காலையிலோ சாயங்காலத்திலோ, நமக்கும் சூரியனுக்கும் நடுவில் தடம் இருக்கும்படி நின்று குனிந்து பார்த்தால், குதிகால் விளிம்பில் நிழல் விழும். இரவில் டார்ச்சைத் தரையோடு சாய்த்துப் பிடித்தாலும் அந்த நிழல் கிடைக்கும். இரண்டு அடிகளுக்கு நடுவிலுள்ள நீளத்தை ஒரு குச்சியில் குறித்துக்கொண்டால், சருகு மூடிய இடத்திலும் அடுத்த அடியைத் தேடலாம்.

தடம் படிக்கும் இந்தக் கண்ணுக்கு உலகத்தில் மதிப்பு இருக்கிறது. செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களான மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் 2017-இல் மலைப்பாம்பு பிடிக்க அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்கு அழைத்துப் போனார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. பாம்பு போன தடத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் என்பதால்தான் அவ்வளவு தூரம் அழைப்பு வந்தது.

மோப்ப நாய் வந்தால் போதும் என்று நினைக்கிறோம். நாயின் மூக்கில் வாசனை அறியும் செல்கள் 30 கோடி வரை உண்டு. நமக்கு 60 லட்சம் அளவில்தான். நம் உடம்பிலிருந்து ஓயாமல் உதிரும் தோல் துகள்கள் புல்லிலும் சருகிலும் தங்குகின்றன. துணியை முகரவைத்தால் அந்த ஒருவருடைய வழியில் மட்டும் போகும் நாய் ஒரு வகை. தலையைத் தூக்கி, காற்றில் வரும் எந்த மனித வாடையையும் பிடிக்கும் நாய் இன்னொரு வகை. தோப்பு நிறைய ஆள் இருந்தால் இரண்டாவது வகை நாய் யாரைத்தான் கண்டுபிடிக்கும்?

ஸ்காட்லாந்தின் கிளென்கோ மலையில் ஹேமிஷ் மெக்கின்னஸ் என்பவர் 1965-இல் தேடுதல் நாய்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார். அங்கே தன்னார்வலர்களே தம் நாய்களைப் பழக்கி மலையேறுகிறார்கள். நம்மிடம் தேசியப் பேரிடர் மீட்புப் படை இருக்கிறது; அதன் ஒரு பட்டாலியன் அரக்கோணத்தில் உள்ளது. 2023 துருக்கி நிலநடுக்கத்தில் அந்தப் படையின் மோப்ப நாய்களான ஜூலியும் ரோமியோவும் காட்டிய இடிபாட்டுக்குள்ளிருந்து 6 வயதுச் சிறுமியை உயிரோடு எடுத்தார்கள். ஆனால் எங்கிருந்து நாய் வந்தாலும் வந்துசேர நேரமாகும். அதுவரை வாடையையும் தடத்தையும் காப்பாற்றுவது ஊர்க்காரர் கையில்தான் இருக்கிறது.

ஆகவே முதலில் 112-க்குச் சொல்லுங்கள். கடைசியாகப் பார்த்த இடத்தைக் கயிறு கட்டி மறியுங்கள். அவருடைய துவைக்காத தலையணை உறையைக் கை படாமல் சுத்தமான கவரில் எடுத்து வையுங்கள். தோப்பைச் சுற்றிய பாதைகளில் ஆட்களை நிறுத்துங்கள். தடம் தெரிந்த இரண்டு பேர் மட்டும் உள்ளே போகட்டும். கூப்பிட்டால் பதில் வரும் என்று நம்பியிருக்காதீர்கள். பயந்த பிள்ளை ஒளிந்துகொள்ளும், தூங்கியும் போகும். மறதி உள்ளவர் தன் பெயரைக் கேட்டாலும் பேசாமல் புதருக்குள் நிற்கலாம். அதனால் ஒவ்வொரு மரத்தடியிலும் குனிந்து பார்க்கத்தான் வேண்டும்.

ஆடு மேய்ப்பவர்கள், தோப்புக் காவல்காரர்கள் ஆகியோரின் போன் நம்பரை ஒவ்வொரு ஊரிலும் எழுதி, காவல் நிலையத்திலும் தீயணைப்பு நிலையத்திலும் இப்போதே கொடுத்து வையுங்கள். ராத்திரி எத்தனை மணிக்குக் கூப்பிட்டாலும் வருகிறவர்கள் அவர்கள்.