கேடயத்தில் ஒரு பேட்ஜர்!

குழந்தைகளே! பிரபு குடும்பத்துச் சின்னம் என்றால் சிங்கம், புலி, கழுகு என்றுதானே நினைப்பீர்கள்? ஜெர்மனியில் ஒரு பெரிய பிரபு குடும்பம். அவர்களது கேடயச் சின்னத்தின் நட்டநடுவில், நீல நிறத்தின் மீது நிற்பது வெள்ளி நிற பேட்ஜர்! மண்ணில் வளை தோண்டி வாழும் சிறு விலங்கு அது. முகத்தில் கறுப்பு, வெள்ளைக் கோடுகள் இருக்கும்.

அந்தக் குடும்பத்தின் பெயர் 'டூர்ன் உண்ட் டாக்சிஸ்'. இவர்களது முன்னோர், இத்தாலியில் பெர்காமோ நகருக்கு அருகே மலைக்கிராமத்தில் வாழ்ந்த டாசோ குடும்பத்தினர். இத்தாலிய மொழியில் 'டாசோ' என்றால் பேட்ஜர்! பெயரே சின்னமாகிவிட்டது.

குதிரைத் தபால்

1490ல், மன்னர் மாக்சிமிலியனுக்காக இக்குடும்பத்தினர் தபால் வழி அமைத்தனர். வழியெங்கும் நிலையங்கள். ஒவ்வொன்றிலும் புதிய குதிரை தயாராக நிற்கும். களைத்த குதிரையை விட்டுவிட்டு, தபால் பை அடுத்த குதிரையில் பறக்கும். தூரத்தில் வரும்போதே வீரர் கொம்பு ஊதுவார். 'குதிரையைத் தயார் செய்!' என்பது அதன் பொருள்.

1505ல் செய்த ஒப்பந்தப்படி, பிரஸ்ஸல்ஸ் நகரிலிருந்து ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக்குக்கு, கோடையில் ஐந்தரை நாளிலும், குளிர்காலத்தில் ஆறரை நாளிலும் கடிதம் போய்ச் சேர வேண்டும்!

தாயின் துணிச்சல்

1628ல் குடும்பத் தலைவர் இறந்தார். மகனுக்கு வயது ஏழு. அப்போது ஐரோப்பாவில் முப்பதாண்டுப் போர் நடந்து கொண்டிருந்தது. சுவீடன் படைகள் உள்ளே புகுந்து தபால் வழிகளைக் குலைத்தன. தாய் அலெக்சாண்ட்ரின் கலங்கவில்லை. 1646 வரை, 18 ஆண்டுகள், தாமே தபாலை நடத்தி மகனிடம் ஒப்படைத்தார்.

அவருக்கு ஓர் ஆசை. தபால் நடத்தும் குடும்பத்தை மற்ற பிரபுக்கள் மதிக்க வேண்டுமே! அறிஞர்களைக் கொண்டு வம்ச வரலாறு எழுத வைத்தார். இத்தாலியின் மிலன் நகரை ஆண்ட 'டெல்லா டோரே' குடும்பத்தின் வாரிசுகள் நாங்கள் என்றது அந்த நூல். 'டோரே' என்றால் கோபுரம். 1650ல் பேரரசர் இதை ஏற்றார். கோபுரத்தைக் குறிக்கும் 'டூர்ன்' பெயரில் சேர்ந்தது. கேடயத்தில் சிவப்புக் கோபுரமும், சிவப்புச் சிங்கமும் ஏறின. ஆனால், இந்த வம்சக் கதையை இன்றைய வரலாற்று அறிஞர்கள் ஏற்பதில்லை.

பிறகு?

1695ல் இவர்கள் இளவரசர் பட்டம் பெற்றனர். 1852ல் சொந்தத் தபால்தலைகளே வெளியிட்டனர். வடக்கிலும் தெற்கிலும் வேறு வேறு நாணயம் என்பதால் இரண்டு வகைத் தபால்தலைகள்! 1867ல் பிரஷ்ய அரசு 30 லட்சம் தாலர் நாணயம் ஈடு கொடுத்துத் தபாலை எடுத்துக் கொண்டது. ரீகன்ஸ்பர்க் நகரில் அவர்களது அரண்மனை இன்றும் இருக்கிறது. ஜெர்மனியின் தபால் நிறுவனச் சின்னத்தில் இன்றும் இருப்பது கொம்புதான்.

ஒரு விஷயம்... 'டாக்சி' என்ற சொல் இக்குடும்பப் பெயரிலிருந்து வந்ததல்ல. கட்டணம் காட்டும் 'டாக்சி மீட்டர்' கருவியிலிருந்து வந்தது. யாராவது மாற்றிச் சொன்னால் திருத்துங்கள்!

கோபுரம் வந்தது, சிங்கம் வந்தது. ஆனாலும் நடுவிலிருந்த பேட்ஜரை அவர்கள் எடுக்கவே இல்லை. உண்மையில் உழைத்துப் பேர் வாங்கித் தந்தது அதுதானே! உங்கள் வீட்டுக்கு ஒரு கேடயச் சின்னம் வரைந்தால், நடுவில் எதை வரைவீர்கள்? தாத்தா, பாட்டியிடம் குடும்பத் தொழிலைக் கேட்டுவிட்டு வரையுங்கள், பார்க்கலாம்!