பழையதெல்லாம் குப்பையல்ல

கம்ப்யூட்டர் நிரம்பிவிட்டால், பழைய கோப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்து அழிக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? 'இத்தனை நாளுக்கு மேல் பழையதை நீயே அழித்துவிடு' என்று அதனிடமே சொல்லி வைக்கலாம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் 'ஸ்டோரேஜ் சென்ஸ்' என்ற வசதி இதற்காகவே இருக்கிறது.

ஆனால் அது பார்ப்பது நாள் கணக்கை மட்டுமே. போன மாத ரயில் டிக்கெட்டும் அப்பாவின் நிலப் பத்திர நகலும் அதற்கு ஒன்றுதான். போகியன்று பழைய பாயை எரிக்கிறோம். பத்திரப் பெட்டியைத் தொடுவதில்லை. எதைத் தொடக்கூடாது என்பதை நாம்தான் சொல்லித்தர வேண்டும். ஊரை விட்டு வடக்கே வந்துவிட்ட நமக்கு, ஒரு சான்றிதழ் தொலைந்தால் தாலுகா ஆபீசுக்கு இரண்டு நாள் ரயில் பயணம் அல்லவா!

பெரிய இடங்களிலும் இதில் விபரீதம் நேர்ந்ததுண்டு. ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக சூப்பர் கம்ப்யூட்டரில், 10 நாளுக்கு மேற்பட்ட பதிவுக் கோப்புகளை அழிக்க ஒரு நிரல் இருந்தது. 2021 டிசம்பரில் அது ஓடிக்கொண்டிருக்கும்போதே திருத்திய நிரலை அதன் இடத்தில் வைத்தார்கள். எந்த ஃபோல்டரில் அழிக்க வேண்டும் என்ற குறிப்பு வெறுமையாகிவிட, ஆராய்ச்சிக் கோப்புகளில் கை வைத்துவிட்டது நிரல். அழிந்தவை சுமார் 3 கோடியே 40 லட்சம் கோப்புகள். அளவில் 77 டெராபைட். பாதிக்கப்பட்ட 14 குழுக்களில் 4 குழுக்களின் கோப்புகளை மீட்க வழியில்லாமல் போயிற்று.

சங்கத்தின் கம்ப்யூட்டரைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது. அதில் நான் கடைப்பிடிப்பது இதுதான். 'தற்காலிகம்' என்று ஒரு ஃபோல்டர். தானாக அழிக்கும் அனுமதி அதற்கு மட்டுமே. உறுப்பினர் பட்டியல், விழாப் படங்கள், பழைய இதழ்கள் எல்லாம் அந்த எல்லைக்கு வெளியே. புதிதாக விதி எழுதினால், முதலில் பெயர்ப் பட்டியலை மட்டும் எடுத்துப் படிப்பேன். பிறகு வேறொரு ஃபோல்டருக்கு நகர்த்தி, ஒரு மாதம் கழித்தே அழிக்க விடுவேன். முக்கியமானவற்றின் பிரதி தனி டிஸ்க்கில், கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி, அலமாரியில் இருக்கிறது.

வீட்டில் ஒரு விஷயம் கவனியுங்கள். பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல் முதல் ஆதார் நகல் வரை பலருக்கும் 'டவுன்லோட்ஸ்' ஃபோல்டரிலேயே கிடக்கும். ஸ்டோரேஜ் சென்ஸ் வழக்கமாக அதைத் தொடுவதில்லை. நாமாக நாள் கணக்கு குறித்தால்தான் தொடும். குறிப்பதற்கு முன், அவற்றை வேறு ஃபோல்டருக்கு மாற்றிவிடுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும்.