ஒற்றைக் காலில் நிற்கும்போது மனம் என்ன சொல்கிறது?

மாங்காடு காமாட்சியம்மன் கோயிலுக்குப் போனவர்களுக்கு அம்மனின் தபசுக் கோலம் தெரியும். இடது கால் கட்டைவிரல் நுனி தீயில் ஊன்றியிருக்கும். வலது கால் மடங்கித் தொடைமேல் இருக்கும். தலைக்கு மேல் உயர்ந்த கையில் ஜபமாலை. சிவனை அடைய, பஞ்சாக்கினி நடுவே அம்மன் இப்படித் தவமிருந்ததாகத் தலபுராணம் சொல்கிறது. அந்த நெருப்பைவிட என்னை ஈர்ப்பது ஜபமாலை. உடம்பு இவ்வளவு தாங்கும்போது மனத்துக்கும் பிடித்துக்கொள்ள ஒரு சொல் வேண்டும் என்பதை, இந்தக் கோலத்தைக் கற்பனை செய்தவர்கள் உணர்ந்திருக்க வேண்டும்.

மனிதர்கள் ஒற்றைக் காலில் எவ்வளவு நேரம் நிற்பார்கள்? சத்தியமங்கலத்தில் என். ரவி 1982 ஏப்ரலில் 34 மணி நேரம் நின்றார். இலங்கைத் தமிழரான சுரேஷ் யோக்கிம் 1997 மே மாதம் கொழும்பு விகாரமகாதேவி பூங்காவில் 76 மணி 40 நிமிடம் நின்றார். தூக்கிய காலை நிற்கும் கால்மேல் வைத்து இளைப்பாறக் கூடாது, எதையும் பிடித்துக்கொள்ளக் கூடாது என்பது கின்னஸ் விதி.

வீட்டில் சுவரோரமாக நின்று பாருங்கள். கணுக்கால் ஒரு நொடிகூடச் சும்மா இருக்காது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்து சாய்ந்து சமன் செய்துகொண்டே இருக்கும். கொஞ்ச நேரத்தில் கெண்டைக்கால் எரியத் தொடங்கும். பல சமயம் அதற்கு முன்னாலேயே உள்ளே ஒரு குரல் வந்துவிடும்: “போதும்ப்பா, என்னால முடியாது.” காலை நடையிலும் ஜிம்மிலும் மாடிப்படியிலும் நாம் கேட்கிற அதே குரல்தான். உடம்பே தீர்ப்புச் சொல்லிவிட்டதாக நம்பி நின்றுவிடுகிறோம்.

அந்தத் தீர்ப்பைச் சோதித்துப் பார்த்தவர் இத்தாலிய விளையாட்டு அறிவியலாளர் சாமுவேலே மார்கோரா. ரக்பி வீரர்களை உடற்பயிற்சி சைக்கிளில் ஏற்றி, சுமார் 242 வாட் அளவில், இனி முடியவே முடியாது என்று கைவிடும்வரை மிதிக்க வைத்தார். கைவிட்ட அந்தக் கணமே, 5 விநாடிக்கு முழு மூச்சாக மிதிக்கச் சொன்னார். சராசரியாக 731 வாட் வந்தது! ‘முடியாது’ என்று விட்டதைப்போல மூன்று மடங்கு. 2010இல் வெளியான இந்த முடிவுக்கு வேறு விளக்கம் தருகிற உடலியலாளர்களும் உண்டு. மார்கோராவின் விளக்கம் இது: தசைக்கு மூளை எவ்வளவு பலமாகக் கட்டளை அனுப்ப வேண்டியிருக்கிறதோ, அவ்வளவு சிரமம் நமக்குத் தோன்றுகிறது. தசையில் தெம்பு மிச்சமிருக்கும்போதே, இனியும் இந்தச் சிரமம் வேண்டாம் என்று மனம் முடிவெடுத்துவிடுகிறது.

சிரமம் என்பது மனத்தில் தோன்றும் உணர்வு என்றால், சொல்லால் அதைத் தொட முடியுமா? 2014இல் வெளியான ஆய்வில் மார்கோராவும் சக ஆய்வாளர்களும் 24 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதியினர் தங்களுக்குப் பிடித்த ஊக்க வாக்கியங்களைத் தேர்ந்தெடுத்து, இரண்டு வாரம் பயிற்சியின்போது சொல்லிப் பழகினார்கள். களைத்து விழும்வரை மிதிக்கும் நேரம் அவர்களுக்குச் சுமார் 18 சதவீதம் கூடியது. பாதி வழியில் உணர்ந்த சிரமமும் குறைந்தது. மற்றவர்களிடம் அப்படி மாற்றம் இல்லை. கனடாவில் 35 டிகிரி வெப்பத்தில், நம் சென்னை வெயிலைப் போன்ற சூட்டில், சைக்கிள் வீரர்களிடம் இதே முறையைச் சோதித்தபோது, சுமார் 8 நிமிடத்தில் ஓய்ந்தவர்கள் 11 நிமிடம்வரை தாக்குப்பிடித்தார்கள்.

2019இல் வேல்ஸின் பாங்கர் பல்கலைக்கழகத்தார் செய்த சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. 16 ஆண்கள் 10 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டினார்கள். ‘என்னால் தாங்க முடியும்’ என்று தன்மையில் சொன்னபோது ஆன நேரத்தைவிட, ‘உன்னால் தாங்க முடியும்’ என்று முன்னிலையில் சொன்னபோது சீக்கிரம் முடித்தார்கள். சிரமத்துக்குள் மூழ்கியிருப்பவன் தன்னைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்க அந்தச் சொல் இடம் கொடுக்கிறது. பக்கத்தில் ஓடும் தோழனிடம் நாம் “உன்னால ஆகாது” என்று சொல்வோமா? நமக்கு நாமே மட்டும் ஏன் அதைச் சொல்லிக்கொள்ள வேண்டும்?

நெஞ்சு வலி, தலைசுற்றல், மூட்டில் சுருக்கென்று குத்தல் வந்தால் உடனே நிறுத்துங்கள். அதை எந்தச் சொல்லாலும் மழுப்பக் கூடாது. வெறும் களைப்பு என்றால், நாளைக் காலை நடக்கக் கிளம்பும் முன்பே இரண்டு வாக்கியங்களைத் தேர்ந்து வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்று பாதி வழிக்கு, ஒன்று கடைசிச் சுற்றுக்கு. உங்கள் பேச்சு வழக்கிலேயே, உங்களை ‘நீ’ என்று கூப்பிட்டுச் சொல்லுங்கள். இரண்டு வாரம் விடாமல் சொல்லிப் பாருங்கள்.