விழுந்த தென்னை சொன்ன கணக்கு

தேர்வு முடிந்து விடைத்தாள் கைக்கு வந்ததும் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? மேலே சிவப்பு மையில் வட்டமிட்ட மதிப்பெண்ணைத்தானே? அது குறைந்திருந்தால் தாளை நாலாக மடித்துப் பையின் அடியில் செருகிவிடுவோம். எந்தக் கணக்கு, எந்த வரியில் தவறாகப் போனது என்று பிரித்துப் பார்ப்பவர்கள் குறைவு. (நானும் மடித்து வைத்தவன்தான். ஆகவே உங்களைத் திட்டப் போவதில்லை.)

தஞ்சாவூர் மாவட்டத்தில் ஓர் ஊர் தன் விடைத்தாளைப் பிரித்துப் பார்த்தது. அந்த ஊர் பேராவூரணி.

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16 அதிகாலை. வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த 'கஜா' புயல், மணிக்கு 100 கிலோ மீட்டருக்கும் மேலான வேகத்தில் உள்ளே புகுந்தது. விடிந்து பார்த்தால் பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கத் தோப்புகளில் தென்னைகள் வரிசை வரிசையாகப் படுத்துக் கிடந்தன. இந்தப் பக்கம் தென்னங்கன்றைத் 'தென்னம்பிள்ளை' என்றுதான் சொல்வார்கள். பிள்ளையாக வளர்த்த மரம், ஒன்றல்ல, தோப்பு முழுக்க! பெரியவர்கள் குலுங்கிக் குலுங்கி அழுததைப் பார்த்த பிள்ளைகள் அந்த ஊரில் உண்டு.

தென்னைக்கு ஆணிவேர் கிடையாது, சல்லிவேர்கள்தான். சாதாரணக் காற்றுக்கு அவை போதும். கஜாவுக்குப் போதவில்லை. வேர் பிடித்து நின்ற மரங்களிலும் சில பிழைக்கவில்லை. ஏன் தெரியுமா? வேம்பில் ஒரு கிளை முறிந்தால் இன்னொரு கிளை துளிர்க்கும். தென்னைக்கு உச்சியில் ஒரே ஒரு குருத்து. அது முறுக்கிக்கொண்டு முறிந்தால் மரத்தின் கதை முடிந்தது. அரசு ஒரு மரத்துக்கு 1,100 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. ஆனால் நெட்டை ரகக் கன்றை இன்று நட்டால் காய்க்க 6, 7 ஆண்டுகள் ஆகும். அதுவரை அடுப்பு எரிய வேண்டுமே?

புயல் அடித்தது விவசாயியின் தவறு அல்ல. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஆனால் புயல் போன பிறகு வேறொரு தவறு கண்ணில் பட்டது.

பேராவூரணியைக் 'கடைமடை' என்பார்கள். கல்லணையில் பிரியும் கல்லணைக் கால்வாயை இங்குள்ளவர்கள் 'புது ஆறு' என்பார்கள். 1934-இல் மேட்டூர் அணையோடு பயன்பாட்டுக்கு வந்தது அது. அதன் தண்ணீர் ஊர் ஊராகப் பாய்ந்து கடைசியில்தான் இங்கே வரும். பந்தியில் கடைசி ஆள் மாதிரி! சில ஆண்டு சாம்பார் தீர்ந்துவிடும். அதனால்தான் வந்த தண்ணீரைத் தேக்க அந்தக் காலத்திலேயே ஏரி, குளங்களை வெட்டி வைத்தார்கள். ஊரின் பெயரிலேயே 'ஊரணி' இருக்கிறது பாருங்கள். காலப்போக்கில் ஆழ்துளைக் கிணறு வந்தது. குளத்தைக் கவனிக்க ஆளில்லை. 500 ஏக்கருக்கும் மேல் பரப்புள்ள பெரியகுளம் மண் மேடிட்டு, கருவேலம் மண்டிக் கிடந்தது. கன்று நடலாம், தண்ணீர் எங்கே?

பக்கத்து நாடியம் கிராமத்தைச் சேர்ந்த நிமல் ராகவன் மென்பொருள் பொறியாளர். புயலுக்குப் பின் நண்பர்களோடு நிவாரணப் பொருள்கள் கொடுக்க இறங்கினார். அரிசியும் போர்வையும் சில வாரங்களில் தீர்ந்துவிடுமே! விவசாயிகள் கேட்டதோ தண்ணீர். இளைஞர்களும் விவசாயிகளும் சேர்ந்து 'கைஃபா' என்ற கடைமடை விவசாயிகள் சங்கத்தைத் தொடங்கி, 2019-இல் பெரியகுளத்தைத் தூர்வாரினார்கள். ஊரார் பணம் போட்டார்கள். இயந்திரங்கள் இரைந்தன. வெட்டிய மண் கரையைப் பலப்படுத்தப் போனது. அதன்பின் அவர்கள் நூற்றுக்கும் மேற்பட்ட நீர்நிலைகளைச் சீர்செய்திருக்கிறார்கள்.

தோப்பிலும் ஒரு விடை திருத்தப்பட்டது. தென்னைக்குத் தென்னை 25 அடி இடைவெளி. அந்த இடம் பல தோப்புகளில் சும்மா கிடந்தது. முன்பு அது குறையாகத் தெரியவில்லை, மரம்தான் காய்க்கிறதே! மரம் விழுந்ததும்தான், வீட்டுக்கு வேறு வருமானமே இல்லை என்று புரிந்தது. இப்போது இளங்கன்றுகளுக்கு நடுவே உளுந்து, நிலக்கடலை, வாழை என்று பார்க்கலாம். வாழையும் காற்றுக்குச் சாயும்தானே என்று கேட்பீர்கள். சாயும். ஆனால் ஓர் ஆண்டில் மறுபடி குலை தள்ளிவிடும். உளுந்துக்கு இரண்டரை மாதம் போதும்.

விழுந்த மரங்களை உடனே அப்புறப்படுத்த வேண்டும் என்பதையும் அப்போது கற்றார்கள். மட்கும் தென்னந்தடியில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடும். பெருகிய வண்டு புதுக் கன்றின் குருத்தைத் துளைத்துவிடும். சரியாக வேரறாத இளமரங்களை நிமிர்த்தி, மண் அணைத்துக் காப்பாற்றிப் பார்த்தவர்களும் உண்டு. சில பிழைத்தன, பல பட்டுப்போயின.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். முப்பது ஆண்டு மரத்தை இழந்தவருக்கு அந்த முப்பது ஆண்டு திரும்பி வராது. தோப்பை விட்டுவிட்டு வெளியூர் வேலைக்குப் போனவர்களும் இருக்கிறார்கள்.

பேராவூரணிப் பக்கம் போனால் தோப்புகளைக் கவனியுங்கள். வானளாவிய கிழ மரங்களுக்கு நடுவே ஒரே உயரத்தில் இளம் மரங்கள் நிற்கும். அவை 2019, 2020-இல் நட்ட பிள்ளைகள். குட்டை ரகங்கள் முந்திக்கொண்டு இளநீர் கொடுத்துவிட்டன. நெட்டை ரகங்கள் இப்போதுதான் முதல் பாளையை வெளியே நீட்டுகிற வயதுக்கு வந்திருக்கின்றன.