பிரேக் ஆயில் எண்ணெய் இல்ல: டிராக் டேவுக்கு ஒரு சின்ன ஹாட்ச்பேக்கை ரெடி பண்றது எப்படி

(எபிசோடோட திருத்திய எழுத்து வடிவம்)

கார் எபிசோடு போட்டாலே இன்பாக்ஸ்ல ஒரே கேள்விதான் வரும். "ப்ரோ, டிராக் டேவுக்குப் போகலாம்னு இருக்கேன். முதல்ல என்ன பண்ணட்டும்? ரீமேப்பா, இன்டேக்கா, எக்ஸாஸ்ட்டா?"

என் பதில், மூணும் இல்ல. முதல்ல 1 லிட்டர் பிரேக் ஃப்ளூயிட் வாங்குங்க. இதை நான் புத்தகத்துல படிச்சுத் தெரிஞ்சுக்கல. மண்ணுல இறங்கித்தான் தெரிஞ்சுக்கிட்டேன். அந்தக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நாலாவது ரவுண்டு

எனக்கு ஊர் வெள்ளகோவில். அங்கிருந்து காங்கேயம், பல்லடம் தாண்டி செட்டிப்பாளையம் போனா காரி மோட்டார் ஸ்பீட்வே. கிட்டத்தட்ட 2.1 கிலோமீட்டர் டிராக். என்கிட்ட இருக்கிறது ஒரு டர்போ பெட்ரோல் ஹாட்ச்பேக். என்ன வண்டின்னு சொல்ல மாட்டேன், ஏன்னா நடந்த தப்பு வண்டியோடது இல்ல, என்னோடது.

முதல் மூணு ரவுண்டு சொர்க்கம். நாலாவது ரவுண்டுல மெயின் ஸ்ட்ரெய்ட் முடியற இடத்துல பிரேக்கை மிதிச்சேன். பெடல் ஸ்பாஞ்ச் மாதிரி உள்ள போயிட்டே இருந்தது. கால் தரையைத் தொட்டுடுச்சு, வண்டி நிக்கல. ரெண்டு மூணு தடவை வேகமா பம்ப் பண்ணி, கியரை இறக்கி, ஸ்டியரிங்கை நேராப் பிடிச்சு, டிராக்குக்கு வெளிய மண்ணுல ஓடவிட்டு நிறுத்தினேன். யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா அதே கார்லதான் முந்தின ஞாயிற்றுக்கிழமை அம்மாவை உட்கார வெச்சு தாராபுரம் போயிட்டு வந்திருந்தேன். அதை நினைச்சப்பதான் கை நடுங்குச்சு.

மறுநாள் ஊர்ல நம்ம மெக்கானிக் அண்ணன், காலிப்பர் நிப்பிளைத் திறந்து கொஞ்சம் ஃப்ளூயிட் எடுத்துக் காட்டினார். வரக்காப்பி கலர்.

"ஏந்தம்பி, இந்த பிரேக் ஆயிலை மாத்தி எத்தனை வருசமாச்சு?"

"மாத்தவே இல்லீங்ணா. வண்டி வாங்கி நாலு வருசம் ஆச்சு."

"ரீமேப் பண்ண எவ்வளவு ஆகும்னு மட்டும் மூணு தடவை கேட்டியே கண்ணு!"

அதுக்கு மேல பேச எனக்கு ஒண்ணும் இல்ல.

பேர்லயே ஒரு பொய்

ஒர்க்‌ஷாப்ல எல்லாரும் 'பிரேக் ஆயில்'னுதான் சொல்றோம். ஆனா நம்ம கார்கள்ல ஊத்துற டாட் 3, டாட் 4, டாட் 5.1 எதுவுமே எண்ணெய் இல்ல. கிளைக்கால் வகை திரவம். எங்க ஊர் எண்ணெய் மில்காரங்களுக்குத் தெரியும், எண்ணெய் தண்ணியோட சேராது. இது அப்படியே தலைகீழ். காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக் குடிக்கும். ஓட்டாம ஷெட்ல நிறுத்தி வெச்சாலும் ரப்பர் ஹோஸ் வழியா, மேல இருக்கிற டப்பா மூடி வழியா வருசா வருசம் கொஞ்சம் கொஞ்சமா ஈரம் சேரும்.

ஈரம் சேர்ந்தா என்ன? கொதிநிலை இறங்கும். தரநிலைப்படி இருக்க வேண்டிய குறைந்தபட்ச அளவு இது:

டாட் 3: புதுசுல 205 டிகிரி, ஈரம் சேர்ந்த பிறகு 140.
டாட் 4: புதுசுல 230, ஈரம் சேர்ந்த பிறகு 155.
டாட் 5.1: புதுசுல 260, ஈரம் சேர்ந்த பிறகு 180.

எல்லாமே செல்சியஸ். 'ஈரம் சேர்ந்த'ன்னா வெறும் 3.7 சதவீதம் தண்ணிதான். அந்தச் சின்ன அளவு, டாட் 4-ஐ 75 டிகிரி கீழ இழுத்துடுது.

ஒரு சின்ன கணக்கு

இஞ்சினியரிங் படிச்ச பாவத்துக்கு ஒரு கணக்கு போடறேன், பயப்படாதீங்க. வண்டி, நான், பெட்ரோல் எல்லாம் சேர்த்து 1,100 கிலோன்னு வெச்சுக்கோங்க. 130 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 60-க்குக் குறைக்கிறேன். அந்த ஒரே பிரேக்கிங்ல வெப்பமா மாறுற சக்தி சுமார் 560 கிலோஜூல். வீட்டு பாஷையில சொன்னா, கிட்டத்தட்ட 2 லிட்டர் தண்ணியைக் கொதிக்க வைக்கிற சூடு. அதுல பெரும்பங்கு முன்னாடி இருக்கிற ரெண்டு டிஸ்க் தலையில விழுது. டிஸ்க் ஒண்ணுக்கு 5 கிலோன்னா, ஒரு தடவை மிதிச்சா 80 டிகிரிக்கு மேல ஏறும். அது ஆறுறதுக்குள்ள அடுத்த திருப்பம் வந்துடும்.

ரோட்ல எவ்வளவு வேகமா போனாலும் இப்படித் தொடர்ந்து மிதிக்க மாட்டோம். அதனாலதான் நாலு வருசமா எனக்கு ஒண்ணும் தெரியல. அந்தச் சூடு பேட் வழியா காலிப்பருக்குள்ள இறங்கும். அங்க இருக்கிற ஃப்ளூயிட் இன்ஜின் ஆயில் மாதிரி சுத்தி வராது, அதே இடத்துல நின்னு வேகும். கொதிச்சா ஆவிக் குமிழ் வரும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். நீங்க மிதிக்கிற பலம் எல்லாம் குமிழை அமுக்குறதுலயே போயிடும். பெடல் தரைக்குப் போகும்.

இன்னொரு வகையும் இருக்கு, குழப்பிக்காதீங்க. பெடல் கல்லு மாதிரி கெட்டியா இருக்கு, ஆனா வண்டி நிக்கல. அது பேட் ஃபேட். பேட் தாங்குற சூட்டைத் தாண்டிப் போச்சுன்னு அர்த்தம். பெடல் மெத்துனு போனா ஃப்ளூயிட், கெட்டியா இருந்தும் நிக்கலைன்னா பேட். ரெண்டுல எதுவா இருந்தாலும் உடனே வேகத்தைக் குறைச்சு பிட்டுக்கு வந்துடுங்க.

அப்போ வரிசையா என்ன பண்ணணும்?

முதல்ல ஃப்ளூயிட். மேனுவல் டாட் 4 சொல்லியிருந்தா நல்ல டாட் 4 போதும். சிலிக்கான் வகையான டாட் 5 வேற, 5.1 வேற. பேரைப் பார்த்து ஏமாந்து ரெண்டையும் கலந்துடாதீங்க. இன்ஜின் ஆயிலை மறந்தும் அந்த டப்பாவுல ஊத்தாதீங்க, ரப்பர் சீல் எல்லாம் ஊதிப் போயிடும். முக்கியமா, மேல டப்பாவுல உறிஞ்சி எடுத்துட்டுப் புதுசு ஊத்துறது மாத்தினதா ஆகாது. நாலு சக்கரத்துலயும் நிப்பிளைத் திறந்து, புது ஃப்ளூயிட் வர்ற வரைக்கும் ப்ளீட் பண்ணணும். கூலியோட சேர்த்தும் அரை டேங்க் பெட்ரோல் காசுக்குள்ள முடியற வேலை.

ரெண்டாவது பேட். பாதிக்கு மேல தேஞ்சிருந்தா மாத்திட்டுப் போங்க. பேட் மெலிய மெலிய சூடு சீக்கிரம் காலிப்பருக்குப் போகும். புது பேட்டை நேரா டிராக்குக்குக் கொண்டு போகாதீங்க, கம்பெனி சொல்ற முறையில பழக்கிட்டு கொண்டு போங்க.

மூணாவது டயர் காத்து. காலையில 33 பிஎஸ்ஐ வெச்சா, நாலு ரவுண்டுல என் வண்டியில 39, 40 தொடும். பிடிப்பு போயிடும். அதனால ஒவ்வொரு செஷன் முடிஞ்சதும் சூட்டோட அளந்து கொஞ்சம் கொஞ்சமா இறக்குங்க. ஒரு நோட்டுல எழுதுங்க. திரும்பும்போது வீட்டு அளவுக்கு ஏத்திக்க மறக்காதீங்க.

நாலாவது வீல் நட்டு, இன்ஜின் ஆயில். நட்டை டார்க் ரெஞ்ச் போட்டு மேனுவல் சொன்ன அளவுக்கு இறுக்குங்க. ஆயில் டிப்ஸ்டிக்ல மேல் கோட்டை ஒட்டி இருக்கட்டும், தாண்ட வேண்டாம். நீளமான திருப்பத்துல ஆயில் ஒரு பக்கமா ஒதுங்கும். அளவு குறைவா இருந்தா பம்ப் காத்தை உறிஞ்சும்.

அஞ்சாவது அலைன்மென்ட். சாதாரண ஹாட்ச்பேக்ல முன் சக்கர கேம்பர் ரொம்பக் கம்மி. டிராக்ல டயரோட வெளி விளிம்பு மட்டும் தேயும். அப்படித் தேய ஆரம்பிச்ச பிறகு கேம்பரைப் பத்தி யோசிச்சா போதும்.

கடைசியா, கூல் டவுன் ரவுண்டு. ரேக்ளா ஓடி முடிச்ச காளையைக் கொண்டு வந்து உடனே கட்ட மாட்டாங்க, நடத்தி ஆத்தித்தான் கட்டுவாங்க. வண்டியும் அப்படித்தான். ஒரு ரவுண்டு பிரேக்கைத் தொடாம மெதுவா ஓட்டிட்டு வாங்க. நிறுத்தினதும் ஹேண்ட் பிரேக் போடாதீங்க. கியர்ல விட்டு சக்கரத்துக்குக் கட்டை வைங்க.

பவர் எங்க போச்சு?

"இதுல பவர் பத்தி ஒண்ணுமே இல்லையே"ன்னு கேப்பீங்க. காரி டிராக்குக்கு அந்தப் பேர் எப்படி வந்தது தெரியுமா? கோயம்புத்தூர்க்காரர் எஸ். கரிவரதன் நினைவா வெச்சது. 1995-ல விமான விபத்துல இறந்தார். அவர் உருவாக்கின ஃபார்முலா மாருதி ரேஸ் காருக்கு இன்ஜின் எது? மாருதி 800-ல இருந்த அதே 796 சிசி, மூணு சிலிண்டர். அந்த கார்ல பழகி மேல போனவர்தான் நரேன் கார்த்திகேயன், 2005-ல ஃபார்முலா 1 ஓட்டின முதல் இந்தியர். இன்னைக்கு ஒரு ஐ20 என் லைன்ல 120 பிஎஸ் இருக்கு. அவங்க பழகின இன்ஜினை விடப் பல மடங்கு. நம்மகிட்ட பவருக்குப் பஞ்சம் இல்லீங்க.

ரீமேப் பண்ணினா என்ன ஆகும்? ஸ்ட்ரெய்ட் முடியற இடத்துக்கு இன்னும் வேகமா வந்து சேருவீங்க. வேகம் 10 சதவீதம் கூடினா, பிரேக் அடக்க வேண்டிய சக்தி 21 சதவீதம் கூடும். அதே பழைய ஃப்ளூயிட்டோட.

இன்னொண்ணு, நம்ம நாட்டு மோட்டார் இன்சூரன்ஸ் பாலிசியில ரேஸுக்கும் வேகச் சோதனைக்கும் கவரேஜ் கிடையாதுன்னு எழுதியிருக்கும். உங்க பாலிசியை எடுத்து 'பயன்பாட்டு வரம்பு' பகுதியைப் படிச்சுப் பாருங்க. டிராக்ல மோதினா உங்க காசுன்னு நினைச்சுக்கிட்டே போங்க.

நான் இப்போ வருசத்துக்கு ஒரு தடவை ஃப்ளூயிட் மாத்துறேன். மாத்தின தேதியை ஒரு துண்டு டேப்ல எழுதி பானெட்டுக்கு அடியில ஒட்டியிருக்கேன். ரீமேப் இன்னும் பண்ணல. டிராக்ல ஆடிட்டு அதே வண்டியிலதான் வீட்டுக்கு வரணும், மறுநாள் அதே வண்டியிலதான் அம்மா உட்காருவாங்க.

இதைக் கேட்டு முடிச்சதும் ஒரு வேலை பண்ணுங்க. உங்க சர்வீஸ் பில்லை எல்லாம் எடுத்து, பிரேக் ஃப்ளூயிட் கடைசியா எப்போ மாத்தியிருக்குன்னு தேடுங்க. தேதியே கிடைக்கலைன்னா, அதுதான் பதில். அடுத்த எபிசோடுல பார்ப்போம்ங்க.