வெள்ளை மயிலின் வேஷம் கலைகிறது!

முதலிலேயே ரகசியத்தைப் போட்டு உடைத்துவிடுகிறேன். பூஜை அறைக் கதவிலும் ஓட்டல் ஃபேமிலி ரூம் தடுப்பிலும் கண்ணாடிக்குள் வெள்ளை வெளேர் என்று மயில் தோகை விரித்து நிற்கிறதே, அதில் பெரும்பாலும் ஒரு சொட்டு வெள்ளை பெயின்ட்கூடக் கிடையாது! வழவழவென்று இருந்த கண்ணாடியை அந்த இடத்தில் மட்டும் வேண்டுமென்றே கெடுத்து வைத்திருக்கிறார்கள். அம்மி கொத்தியதுபோல நுண்ணிய குழிகள். உள்ளே வரும் வெளிச்சம் அதில் பட்டு நாலாபக்கமும் சிதறுகிறது. சிதறிய வெளிச்சம் நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. அவ்வளவுதான் மயில்.

கடைகளில் கம்ப்ரஸர் வைத்து மணலைச் சீறியடித்து இதைச் செய்கிறார்கள். பிலடெல்பியாக்காரர் பெஞ்சமின் டில்மன் 1870-லேயே காப்புரிமை வாங்கிய வித்தை அது. வீட்டில் மணல் புயல் கிளப்பினால் வீட்டு ஓனர் காலி செய்யச் சொல்லிவிடுவார். நமக்கு இருப்பது இரண்டு வழி: கிரீம், இல்லாவிட்டால் டிரில்.

இரண்டையும் வேடிக்கை பார்க்கத்தான் பெரியம்மா மகள் வீட்டுப் பின்கட்டுக்குள் நுழைந்தேன். துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் வரிசையாகக் காலி காபித்தூள் பாட்டில், ஊறுகாய் பாட்டில், ஜாம் பாட்டில். “கையைக் கட்டிக்கிட்டு நில்லு, எதையும் தொட்டுடாதே” என்றாள் அக்கா. மிரட்டல் இல்லை; தொழில் சுத்தம். விரல் ரேகையின் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அந்த இடத்தில் கிரீம் ஒழுங்காகப் பிடிக்காது, திட்டுத் திட்டாக வரும். லேபிள் பசையைத் தேங்காய் எண்ணெய் தடவி உரித்து, சோப்புப் போட்டு, கடைசியில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்த பிறகுதான் பாட்டில் மேடைக்கே வருகிறது.

அடுத்தது ஸ்டிக்கர். நேரத்தை முக்கால்வாசி தின்பது இதுதான், எனக்கு ஜாலியாக இருந்ததும் இதுதான். பைக்குக்குப் பெயர் வெட்டிக் கொடுக்கும் ஸ்டிக்கர் கடையில் வாங்கிய வினைல் தாள். முதலில் தாளைப் பாட்டிலில் ஒட்டி, பழைய ஏடிஎம் கார்டால் காற்றுக் குமிழ்களைத் தள்ளிவிட்டு, அதன் மேலேயே டிசைனை வரைந்து பேனாக்கத்தியால் கீற வேண்டும். எங்கே வெள்ளையாக வேண்டுமோ அங்கே மட்டும் உரித்தெடுக்க வேண்டும்.

தாளைத் தனியாக வெட்டிவிட்டு அப்புறம் ஒட்டினால் என்ன என்று கேட்டேன். “க எழுதிப் பாரு” என்றாள். வெட்டியதும் ‘க’வின் வயிற்றுக்குள் இருந்த துண்டு தனியாகக் கழன்று விழுந்துவிட்டது! ப, ட எல்லாம் சாது எழுத்துகள். க, ம, ல போன்றவை சுழிக்குள் ஒரு தீவை வைத்திருக்கின்றன. சிக்குக் கோலம் என்றால் கேட்கவே வேண்டாம், ஒவ்வொரு புள்ளியையும் கோடு சுற்றி வளைப்பதால் தீவுக் கூட்டம்தான். கண்ணாடியில் ஒட்டிய பிறகு கீறினால் தீவுகள் இருந்த இடத்திலேயே இருக்கும். முதல் தடவைக்கு ஒரு மாங்காயோ நாலு இலையோ போதும்.

இப்போது கிரீம். பிளாஸ்டிக் டப்பாவில்தான் வருகிறது, ஏனென்று யோசித்தால் சிரிப்பு வரும்: கண்ணாடி ஜாடியில் வைத்தால் ஜாடியையே அரித்துவிடுமே! உள்ளே இருப்பவை ஃப்ளூரைடு உப்புகள். 1771-இல் வேதியியலாளர் ஷீலே ஃப்ளூர்ஸ்பார் என்ற கனிமத்தைக் கந்தக அமிலத்தோடு சேர்த்துச் சூடாக்கியபோது, அவர் வைத்திருந்த கண்ணாடிப் பாத்திரமே அரித்துப்போனது. அப்போது கிளம்பிய புது அமிலத்தின் அடக்க ஒடுக்கமான உறவினர்தான் இந்தக் கிரீம்.

அடக்கம் என்று நம்பி விளையாடக் கூடாது. தோலில் பட்டால் சில சமயம் உடனே எரியாது, மணிக்கணக்கில் கழித்து வலிக்கும். ரப்பர் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, காற்றோட்டம், குழந்தைகளுக்கு நோ என்ட்ரி. கையில் பட்டால் வலி வரட்டும் என்று காத்திருக்காமல் ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு, டப்பாவோடு டாக்டரிடம் போங்கள். டப்பாவுக்குப் பதில் நேரடி அமிலம் வாங்கலாமே என்று யாராவது யோசனை சொன்னால் அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

அக்கா கிரீமைத் தயிர் கெட்டியில் அப்பினாள். ஒரு நிமிடமா, கால் மணியா என்பது டப்பாவில் எழுதியிருப்பதைப் பொறுத்தது. பிறகு எவர்சில்வர் சிங்க்கில் குழாயைத் திறந்தாள். பீங்கான் வாஷ்பேசின் பக்கம் போகவே மாட்டாள். அதன் பளபளப்பும் ஒருவகைக் கண்ணாடிதான், கிரீம் அதையும் ஒரு கை பார்த்துவிடும்.

தண்ணீரில் கிரீம் கரைந்து ஓடியது, ஸ்டிக்கரும் உரிந்தது. பார்த்தால்... பாட்டிலில் மாங்காய் இருந்த சுவடே சரியாகத் தெரியவில்லை! “அய்யய்யோ, ஒண்ணுமே விழலியேக்கா!” அவள் சிரித்துக்கொண்டே பழைய வேட்டித் துணியால் துடைத்தாள். ஈரம் போகப் போக, முதலில் காம்பு, அப்புறம் வளைவு, அப்புறம் முழு மாங்காயும் பனி படர்ந்ததுபோல வெள்ளையாக எழும்பி வந்தது. குழிகளைத் தண்ணீர் நிரப்பிவிட்டால் வெளிச்சம் அவ்வளவாகச் சிதறாது, டிசைன் பதுங்கிவிடும். காய்ந்தால் குழிகள் திறக்கும், டிசைன் ஆஜர். நான் திரும்பத் திரும்ப நனைத்துத் துடைத்து விளையாடியதில் அடுத்த பாட்டில் தாமதமானது.

டிரில் வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வைரத்தூள் பதித்த முனை மாட்டிய மினி டிரில். டிசைன் வரைந்த காகிதத்தைப் பாட்டிலுக்குள் சுருட்டி வைத்து, வெளியே கோட்டைத் தொடர வேண்டும். கண்ணாடித் தூள் மூக்கில் ஏறாமலிருக்க மாஸ்க். ஈர ஸ்பாஞ்சால் அவ்வப்போது ஒற்றிக்கொள்ள வேண்டும். டிரிலில் தண்ணீர் படக் கூடாது. டஃபன்டு கிளாஸில் முனையை வைத்தால் மொத்தமும் பொடிப்பொடியாகிவிடலாம். பாத்திரக் கடையில் குடத்துக்குப் பெயர் வெட்டுகிறவர்கள் இதைச் சீக்கிரமே பிடித்துக்கொள்வார்கள் என்பது என் கணிப்பு. எனக்கு வந்ததெல்லாம் நடுங்கும் கோடுகள்தான். அதுவும் அழகாகத்தான் இருக்கிறது என்று வாதாடினேன்.

டம்ளரில் செய்வதாக இருந்தால் வெளிப்பக்கம் மட்டும், அதுவும் வாய் வைக்கும் விளிம்பைவிட்டுத் தள்ளி.

இன்னொரு குறும்பு: சொரசொரப்பான பக்கத்தில் செல்லோடேப்பை அழுத்தி ஒட்டினால், பசை குழிகளை நிரப்பி, அந்த இடம் மட்டும் ஜன்னலாகத் திறந்துகொள்ளும். தண்ணீரும் அதே வேலையைத்தான் செய்யும் என்பதை நினைத்துக்கொண்டு, உங்கள் குளியலறைக் கண்ணாடிக் கதவைப் போய்த் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு ஷவர் பக்கமா, வெளிப்பக்கமா?