தெருமுனையில் வைத்த பெட்டி

1943. ஸ்பெயினின் வடக்கே, பாஸ்க் மலைகளுக்கு நடுவே மோன்ட்ராகன் என்றொரு சிற்றூர். பூட்டும் இரும்புச் சாமானும் செய்து பிழைத்த ஊர். அந்த ஊர்த் தெருமுனைகளில் ஒருநாள் வாக்குப்பெட்டி போலப் பெட்டிகள் முளைத்தன. நாடு சர்வாதிகாரி பிராங்கோவின் கையில் இருந்தது. உண்மையான தேர்தல் ஒன்றில் வாக்களிக்க ஸ்பெயின் மக்கள் 1977 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட காலத்தில் இந்தப் பெட்டியில் எதைப் போடச் சொன்னார்கள்? ஒரு துண்டுச்சீட்டை. ஊரில் தொழிற்பள்ளி ஒன்று தொடங்கப்போகிறோம், உங்களால் என்ன உதவி செய்ய முடியும் என்று எழுதிப் போடுங்கள் என்றார்கள். சுமார் 600 சீட்டுகள் விழுந்தன. ஊரின் வயதுவந்தோரில் ஏறத்தாழ 15 சதவீதம் பேர்.

பெட்டி வைக்கும் யோசனை ஓர் இளம் பாதிரியாருடையது. ஹோசே மரியா அரிஸ்மெந்தியாரியேத்தா என்பது பெயர். 1941-ல் அந்த ஊர்த் தேவாலயத்துக்கு வந்தபோது வயது 25. குழந்தைப் பருவத்திலேயே ஒரு கண் போனவர். உள்நாட்டுப் போரில் பிராங்கோவை எதிர்த்த தரப்புக்காகப் பத்திரிகை வேலை பார்த்து, பிடிபட்டு, மரண தண்டனையிலிருந்து மயிரிழையில் தப்பியவர். பிரசங்கம் செய்வதில் சுமார்தான் என்று ஊரார் முதலில் சலித்துக்கொண்டார்கள். அவரோ சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பேசினார். பள்ளி 20 மாணவர்களோடு தொடங்கியது.

அந்தப் பள்ளியில் படித்த ஐந்து பேர், வேலை பார்த்துக்கொண்டே பொறியியல் பட்டத்துக்கும் தேர்வு எழுதித் தேறினார்கள். தாங்கள் வேலை செய்த நிறுவனத்தில் தொழிலாளிக்கும் பங்கு கொடுங்கள் என்று கேட்டுப் பார்த்தார்கள். நிறுவனம் மறுத்துவிட்டது. வெளியே வந்து, ஊரார் நம்பிக் கொடுத்த பணத்தில் 1956-ல் மண்ணெண்ணெய்க் கணப்பு செய்யும் சின்ன ஆலை ஒன்றை மோன்ட்ராகனில் எழுப்பினார்கள். ஐவரின் குடும்பப் பெயர்களிலிருந்தும் எழுத்தெடுத்துக் கோத்து 'உல்கோர்' என்று பெயர் வைத்தார்கள். இன்று சுமார் 70,000 பேர் வேலை செய்யும் மோன்ட்ராகன் கூட்டுறவுக் குழுமத்தின் வேர் அந்தக் கணப்பு ஆலை.

கூட்டுறவு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ரேஷன் கடை, நகைக்கடன், பால் சங்கம். அங்கே கடன் வாங்குபவர் உறுப்பினர், பால் ஊற்றுபவர் உறுப்பினர். கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் சம்பளத்துக்கு வேலை செய்யும் ஊழியர், அவ்வளவுதான். மோன்ட்ராகனில் இது தலைகீழ். வேலை செய்பவர்தான் உறுப்பினர், அவர்தான் முதலாளி. ஆளுக்கு ஒரு வாக்கு. லேத் ஓட்டுபவருக்கும் ஒன்று, தலைமைப் பொறியாளருக்கும் ஒன்று. வேறு எந்தக் கணக்கும் கிடையாது.

கேட்க நன்றாக இருக்கிறது, நடைமுறையில் நிற்குமா? நிற்காது என்றுதான் பெரிய அறிஞர்கள் சொன்னார்கள். இங்கிலாந்தின் சிட்னி வெப், பியாட்ரிஸ் வெப் தம்பதி தொழிலாளர் இயக்கத்தின் நண்பர்கள். அவர்களே, தொழிலாளர்கள் சொந்தமாக நடத்தும் ஆலைகள் ஒன்று நொடித்துப்போகும், இல்லாவிட்டால் நாளடைவில் சாதாரண முதலாளித்துவக் கம்பெனியாக மாறிவிடும் என்று எழுதினார்கள். அந்தக் கணிப்புக்குச் சான்றும் உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 1921-ல் 125 தொழிலாளர்கள் பங்கு போட்டு ஒலிம்பியா வெனீர் என்ற பிளைவுட் ஆலையைத் தொடங்கினார்கள். ஆலை செழித்தது. செழித்ததே வினையாயிற்று. பங்கின் விலை ஏற ஏற, புதிதாக வந்த தொழிலாளியால் அதை வாங்க முடியவில்லை. பழைய உறுப்பினர்கள் ஓய்வுபெற்றுக் குறைந்துகொண்டே போக, கூலிக்கு வந்தவர்கள் பெருகினார்கள். எஞ்சியிருந்த சிலர் 1950-களில் ஆலையைப் பெரிய கம்பெனி ஒன்றுக்கு விற்றுவிட்டார்கள். அவர்களில் யாரும் கெட்டவர் இல்லை. விதி அப்படி எழுதப்பட்டிருந்தது.

மோன்ட்ராகனின் அதிசயம் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். ஆளுக்கு ஒரு வாக்கு என்று அறிவிப்பது சுலபம். அந்த வாக்கை யாரும் விற்றுவிட முடியாதபடி கணக்குப் புத்தகத்தை அமைப்பது கடினம். உல்கோர் ஐவரும் பாதிரியாரும் அந்தக் கணக்குக்காகவே இரவிரவாக உட்கார்ந்தார்கள். விதிகளை எழுதி, சட்டப்படி ஒப்புதல் வாங்கி முடிக்க மூன்று ஆண்டுகள் ஆயின.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். புதிதாக ஒருவர் வேலைக்குச் சேருகிறார். சோதனைக் காலம் முடிந்ததும் உறுப்பினராகலாம். அதற்கு நுழைவுத் தொகை உண்டு. இன்றைய கணக்கில் ஏறத்தாழ 15,000 யூரோ, கடைநிலை வேலைக்குக் கிடைக்கும் ஓராண்டு ஊதியத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். கையில் இல்லையா, சில ஆண்டுகளில் தவணையாகப் பிடித்துக்கொள்வார்கள். அந்தப் பணம் அவர் பெயரில் உள்ள தனிக் கணக்கில் ஏறும். மாதந்தோறும் வாங்குவதற்குச் 'சம்பளம்' என்று பெயர் இல்லை. 'முன்பணம்' என்று பொருள்படும் சொல்லைத்தான் வழங்குகிறார்கள். சம்பளம் இன்னொருவர் கொடுப்பது. இது தன் ஆலை ஆண்டு முடிவில் ஈட்டப்போவதிலிருந்து தானே முன்கூட்டி எடுத்துக்கொள்வது. பெயரை மாற்றியதால் என்ன ஆகிவிடும் என்று முதலில் நானும் நினைத்தேன். நட்டம் வரும் ஆண்டில் அந்தச் சொல்லின் கனம் தெரியும். அப்போது எல்லோருடைய முன்பணமும் குறையலாம்.

ஆண்டு முடிவில் உபரி வந்தால் அதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு கல்விக்கும் ஊர் நன்மைக்கும் போக வேண்டும். குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு பொதுக் காப்பு நிதிக்கு. நடைமுறையில் இதைவிட அதிகமாகவே ஒதுக்குகிறார்கள். காப்பு நிதி எவருடைய தனிச் சொத்தும் அல்ல, அதைப் பிரித்துக்கொள்ளவே முடியாது. மிச்சம்தான் உறுப்பினர்களின் தனிக் கணக்குகளுக்கு. அதுவும் ரொக்கமாகக் கைக்கு வராது. வட்டியை வாங்கிக்கொள்ளலாம், அசல் ஓய்வுபெறும் நாள்வரை ஆலைக்குள்ளேயே மூலதனமாகச் சுழலும். போகும்போது எடுத்துக்கொண்டு போகலாம். வெளியாருக்கு விற்க முடியாது. ஒலிம்பியாவில் திறந்து கிடந்த கதவை இங்கே பூட்டிவிட்டார்கள். பூட்டுச் செய்யும் ஊர் அல்லவா!

அடுத்த கேள்வி: எல்லோரும் முதலாளி என்றால் வேலை வாங்குவது யார்? உறுப்பினர்கள் அனைவரும் கூடும் பொதுப்பேரவை ஆண்டுக்கு ஒருமுறையாவது கூடுகிறது. அது நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறது. குழுவில் இருப்பதற்குத் தனி ஊதியம் கிடையாது, அவரவர் வழக்கமான வேலை தொடரும். அந்தக் குழு மேலாளரை நான்கு ஆண்டுகளுக்கு நியமிக்கிறது. பட்டறையில் மேலாளர் சொல்வதை வெல்டர் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் மேலாளரை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று முடிவெடுக்கும் குழுவில் அதே வெல்டர் உட்கார்ந்திருக்கலாம். அந்தக் குழுவின் கூட்டத்தில் மேலாளருக்குப் பேச உரிமை உண்டு, வாக்கு இல்லை. காலையில் கீழே இருப்பவர் மாலையில் மேலே இருப்பதால் ஒழுங்கு குலையும் என்று தோன்றலாம். நடந்தது வேறு. காரணம் சொல்லாமல் கட்டளையிட முடியாது என்பதால், கணக்கு வழக்குகளை எல்லோருக்கும் புரியும்படி விளக்கும் பழக்கம் மேலாளர்களுக்கு வந்தது. கேட்பவருக்குப் புரிய வேண்டுமானால் அவர் படித்திருக்க வேண்டும். ஆலைக்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்பே பள்ளி வந்தது எவ்வளவு சரியான வரிசை!

இதோடு இன்னொரு அவையும் உண்டு. அதற்குச் சமூகக் குழு என்று பெயர். ஒவ்வொரு பிரிவிலிருந்தும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அதில் இருப்பார்கள். நிர்வாகக் குழு நம்மை முதலாளியாக நிறுத்திப் பேசுகிறது. சமூகக் குழு நம்மைத் தொழிலாளியாக நிறுத்திப் பேச வேண்டும். ஊதிய நிலை, பாதுகாப்பு, வேலை நிலைமை எல்லாம் அதன் பொறுப்பு. ஒரே மனிதருக்கு இரண்டு நலன்கள் உண்டு, அவை முட்டிக்கொள்ளவும் கூடும் என்பதை ஒப்புக்கொண்ட ஏற்பாடு இது.

முட்டிக்கொள்ளவும் செய்தன. தொடக்கத்தில், மிகக் குறைந்த ஊதியம் ஒன்று என்றால் மிக உயர்ந்தது மூன்றுக்கு மேல் போகக்கூடாது என்று வைத்திருந்தார்கள். (பிறகு வாக்கெடுத்து உயர்த்தினார்கள். இப்போதும் பொதுவாக ஆறு மடங்கைத் தாண்டுவதில்லை.) வித்தியாசம் குறைவாக இருக்கும் இடத்தில், எந்த வேலைக்கு எத்தனை புள்ளி என்பது மானப் பிரச்சினை ஆகிவிடும். 1974-ல் உல்கோரில் வேலைகளை மறுமதிப்பீடு செய்தபோது சிலருடைய நிலை இறங்கியது. சுமார் 400 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். சொந்த ஆலைக்கு எதிராகவே வேலைநிறுத்தமா என்று மற்றவர்கள் கொதித்தார்கள். தலைமை தாங்கிய 17 பேரை நிர்வாகக் குழு வெளியேற்றியது. பொதுப்பேரவை கூடி வாக்கெடுத்து அதை உறுதிசெய்தது. பெரும்பான்மை வாக்கால் சிறுபான்மையை வெளியே தள்ளினார்கள். அரிஸ்மெந்தியாரியேத்தா 1976-ல் இறந்தபோது அந்தக் காயம் ஆறவில்லை. 1978-ல் அதே பேரவை மறுபடி வாக்களித்து 17 பேரையும் திரும்ப ஏற்கச் சம்மதித்தது. மேலே இருப்பவர்களின் முடிவைக் கீழே அறிவிக்கும் வேலையாகச் சமூகக் குழு சுருங்கிவிட்டிருந்தது, அதனால்தான் குமுறல் காதில் விழவில்லை என்ற பாடத்தைப் பலரும் பேசி ஏற்றார்கள்.

1980-களில் பாஸ்க் பகுதியில் வேலையின்மை 20 சதவீதத்தைத் தாண்டியது. சுற்றிலும் ஆலைகள் மூடின. கூட்டுறவுகள் தங்கள் முன்பணத்தைக் குறைக்கத் தாங்களே வாக்களித்தன. வேலை குறைந்த ஆலையிலிருந்து வேலை இருக்கும் ஆலைக்கு ஆட்கள் மாறினார்கள். இதற்குத் தோள் கொடுத்தது 1959-ல் அவர்களே தொடங்கிய வங்கி. அதே ஆண்டில் தொடங்கிய சமூகப் பாதுகாப்பு நிதியும் இருந்தது. நீங்கள் தொழிலாளர்கள் அல்ல, சொந்தத் தொழில் செய்பவர்கள் என்று சொல்லி அரசு தன் காப்பீட்டிலிருந்து அவர்களை ஒதுக்கியது. அதனால் தாங்களே கட்டிக்கொண்ட நிதி அது.

வாக்கு இருந்தால் தவறு நேராது என்று இல்லை. உல்கோரின் வாரிசான ஃபாகோர், குளிர்பெட்டியும் சலவை இயந்திரமும் செய்து ஸ்பெயின் முழுக்கப் பெயர் பெற்றது. 2005-ல் பிரான்சின் பிராண்ட் நிறுவனத்தைக் கடன் வாங்கி விழுங்கியது. 2008-ல் ஸ்பெயினில் வீடு கட்டும் தொழில் சரிந்தது. புது வீடு இல்லாத இடத்தில் புதுக் குளிர்பெட்டி எதற்கு? மற்றக் கூட்டுறவுகள் பணம் போட்டுத் தாங்கின. 2013-ல் இனி முடியாது என்று கைவிரித்தன. ஃபாகோர் திவாலானது. உறுப்பினர்கள் ஆயுள் முழுக்கச் சேர்த்த தனிக் கணக்கு கரைந்தது. ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்கு மற்றக் கூட்டுறவுகளில் வேலையோ, முன்கூட்டிய ஓய்வோ கிடைத்தது. திவாலான எந்தக் கம்பெனி தன் தொழிலாளிக்கு அடுத்த வேலை தேடிக் கொடுத்திருக்கிறது?

அந்தக் கேள்வியைக் கேட்ட கையோடு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வேலை தேடிக் கொடுத்தது உறுப்பினர்களுக்குத்தான். பிரான்சிலும் போலந்திலும் ஃபாகோருக்கு உழைத்தவர்கள் உறுப்பினர்கள் அல்லர். பிராண்டை வாங்கும் முடிவில் அவர்களுக்கு வாக்கு இருந்ததில்லை, விழுந்தபோது பிடிக்கவும் யாரும் இல்லை. இன்றும் இந்தக் குழுமத்தின் வெளிநாட்டு ஆலைகளில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் சாதாரணக் கூலி ஊழியர்களே. வெப் தம்பதி எச்சரித்தது உள்ளூரில் பலிக்கவில்லை, எல்லைக்கு வெளியே பலித்திருக்கிறது. நாட்டின் சட்டம் வேறு, தூரம் அதிகம், புதியவரின் வாக்கு பழையவரின் சேமிப்பைப் பாதிக்கும் என்ற காரணங்கள் எல்லாம் உண்மைதான். என்றாலும் பங்கு கேட்ட ஐந்து பேருக்கு 1950-களில் அவர்களுடைய முதலாளிகளும் காரணம் சொல்லித்தான் மறுத்திருப்பார்கள். தெருமுனையில் பெட்டி வைத்துத் தொடங்கிய ஊர், அந்தப் பெட்டியைத் தன் வெளிநாட்டு ஆலைகளின் வாசலில் இன்னும் வைக்கவில்லை. அதை வைக்கும்வரை மோன்ட்ராகன் பாதிவழியில்தான் நிற்கிறது.